கல்லறைக்கு எத்தனை நினைவகம் வேண்டும்

மனித குலம் இதுவரை இரண்டு வகை மேதைகளைக் கண்டிருக்கிறது. கணினியின் நினைவகத்தைச் செலவு செய்தவர்கள் ஒரு வகை. அதை மிச்சம் பிடித்தவர்கள் இன்னொரு வகை. முதல் வகை மேதைகள் இன்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இரண்டாம் வகையில் உலகத்திலேயே மிஞ்சியிருந்தவர் ஒரே ஒருவர். அவர் பல்கேரியாவில், பெலிதோல் நகராட்சிக் கல்லறை அலுவலகத்தில், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தார். பெயர் சாங்கோ மினெவ். இந்த வரலாற்று உண்மையை முதன்முதலில் கண்டுபிடித்து வெளியிட்டவரும் அவரே.

பெலிதோலில் இப்படி ஒருவர் தோன்றியதில் வியப்பில்லை. பக்கத்து ஊரான கப்ரோவோதான் கஞ்சத்தனத்துக்கு நாடெங்கும் பேர் வாங்கிய ஊர். குளிர்காலத்தில் பூனை உள்ளே நுழைந்ததும் கதவைச் சீக்கிரம் சாத்தலாம் என்று பூனையின் வாலை நறுக்கியவர்கள் நாங்கள் என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பெலிதோல்காரர்கள் அதைக் கேட்டு உச்சுக் கொட்டுவார்கள். பூனை வளர்ப்பதே ஆடம்பரம் என்பது எங்கள் கட்சி.

1988-இல், சாங்கோவுக்கு இருபத்தேழு வயதாக இருந்தபோது, நகராட்சிக்கு ஒரு ப்ராவெட்ஸ் கணினி வந்தது. நினைவகம் அறுபத்து நாலு கிலோபைட். நகரக் கல்லறைத் தோட்டத்தில் அடங்கியிருந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர். அத்தனை பேரையும் ஒரே ஒரு ஃப்ளாப்பி தட்டில் அடக்குவது என்று சாங்கோ சபதம் எடுத்தார். தோட்டத்தில் ஏற்கெனவே அடங்கியவர்களை இரண்டாம் முறை அடக்கம் செய்த பெருமை பல்கேரியாவில் அவருக்கு மட்டுமே உண்டு.

அடக்கிய விதம் அபாரமானது. குடும்பப் பெயருக்கு எட்டு பல்கேரிய எழுத்து. சொந்தப் பெயருக்கு மூன்று. தகப்பன் பெயருக்கு ஒன்று. இறந்த ஆண்டுக்கு இரண்டு இலக்கம் போதும். சாகிறவர்கள் எல்லோரும் இதே நூற்றாண்டில்தானே சாகிறார்கள் என்பது அவருடைய வாதம். ஆணா பெண்ணா என்று தனியாகக் குறிக்கவில்லை. எங்கள் ஊரில் பெண்களின் குடும்பப் பெயர் 'ஆ' என்று முடியும், அந்தக் கடைசி எழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அந்தக் கடைசி எழுத்து பெரும்பாலும் ஒன்பதாவதாகவோ பத்தாவதாகவோ வந்து வெட்டுப்பட்டுவிட்டது. அது சோஷலிசக் காலம். சமத்துவத்தை யாரும் குறை சொல்லவில்லை.

இந்தச் சிக்கனம் அலுவலகத்தோடு நிற்கவில்லை. நகர நூலகத்தில் வேலை பார்த்த தன் மனைவி ராய்னாவை அவர் கல்யாணமான வாரத்திலிருந்து "ராய்" என்றுதான் கூப்பிட்டார்.

"ஏன் பாதியில நிறுத்துற?" என்று அவள் ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தாள்.

"வீட்ல வேற ராய் யாரும் இல்லையே. குழப்பம் வராது."

"வாய் வலிக்காமக் கூப்பிடணும்னா நீ ஒரு நாயை வளர்த்திருக்கலாம்."

இதற்காகச் சாங்கோ எழுதிய நிரல் முப்பத்தேழு வருடம் ஓடியது. பெர்லின் சுவர் இடிந்தது, கட்சி போனது, நாணயம் மாறியது, நூற்றாண்டும் மாறியது. ப்ராவெட்ஸ் மட்டும் மூலையில் உட்கார்ந்து முனகிக்கொண்டே பதில் சொன்னது. பிற்பாடு இறந்தவர்களுக்காக இரண்டாவது தட்டு போட நேர்ந்தபோது சாங்கோ இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அப்போதுதான் முன்னேற்றம் வந்தது. அதன் பெயர் கலோயன்.

கலோயன் முப்பத்தொரு வயது. சோஃபியாவில் படித்தவர். நகராட்சியில் "எண்முறை மாற்றத்துக்கான துணைத் தலைவர்" என்ற பதவியில் இருந்தார். என்ன மாற வேண்டும் என்பது பதவிப் பெயரில் சொல்லப்படவில்லை. அவர் கல்லறைத் தோட்டத்துக்காக "நித்தியம்" என்ற புதிய மென்பொருளை வரவழைத்தார். நித்தியத்தின் சிறப்பு என்னவென்றால் அதை நித்தம் புதுப்பிக்க வேண்டும்.

இதற்காகக் கூட்டம் கூடியது. காப்பியும், பனிட்சா என்னும் பாலாடைக்கட்டி அடையும் வந்தன. சாங்கோ வெண்ணெய் ஒழுகும் பனிட்சாவை வாயில் வைக்கவில்லை. எதிரியின் உப்பைத் தின்னக் கூடாது என்பதல்ல காரணம். வீட்டுக்கு எடுத்துப் போக முதல் துண்டைச் சுற்றிவைத்துவிட்டு, இரண்டாவது துண்டுக்குக் காத்திருந்தார்.

"இதுக்குக் குறைஞ்சபட்சம் முப்பத்திரண்டு கிகாபைட் நினைவகம் வேணும்ணே," என்றார் கலோயன்.

"போன வசந்தத்துல பதினாறு போதும்னீங்களே தம்பி."

"அது பழைய பதிப்பு."

"அதுக்கப்புறம் எத்தனை பேர் செத்தாங்க?"

கலோயன் காகிதத்தைப் புரட்டினார். "எழுபத்தொண்ணு."

"எழுபத்தொரு பேருக்குப் பதினாறு கிகாபைட். செத்ததுக்கப்புறம் குண்டாயிட்டாங்களா?"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். கலோயன் கோபப்படவில்லை. கோபப்படாத பயிற்சி வகுப்புக்கு நகராட்சி அவரை அனுப்பியிருந்தது.

"அண்ணே, ஒவ்வொரு கல்லறைக்கும் திரையில ஒரு மெழுகுவத்தி எரியும். அன்னிக்கு எந்தப் பக்கம் காத்தடிக்குதோ அந்தப் பக்கம் சுடர் சாயும். பருவத்துக்கு ஏத்த மாதிரி குயில், குருவின்னு பறவைச் சத்தம். வர்றவங்க முகத்தைப் பார்த்துத் துக்கத்தோட அளவைக் கண்டுபிடிச்சு, அதுக்குத் தகுந்த ஆறுதல் சொல்லும்."

"குயில் எதுக்கு?"

"பயனர் அனுபவம்."

"பயனர் யாரு? படுத்திருக்கிறவரா, பார்க்க வந்தவரா?"

"ரெண்டு பேருமே நம்ம பங்குதாரர்கள்தான்."

சாங்கோ சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். பழைய பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். "உங்க முப்பத்திரண்டு கிகாபைட்ல என் கணினி மாதிரி அஞ்சு லட்சத்து இருபத்து நாலாயிரத்து இருநூத்து எண்பத்தெட்டு கணினியை உக்கார வைக்கலாம். அத்தனை பெலிதோலுக்கு எங்க போவீங்க? பல்கேரியா மொத்தமும் செத்தாலும் அவ்வளவு ஊர் தேறாது."

"எதிர்காலத்துக்குத் தயாரா இருக்கணும்ல அண்ணே," என்றார் கலோயன்.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பு இன்றும் நகராட்சியில் இருக்கிறது. "முன்னேற்றம் ஏகமனதாக ஏற்கப்பட்டது. எதிர்ப்பு: ஒன்று. எதிர்த்தவரின் பெயர் இடமின்மையால் குறிக்கப்படவில்லை."

நித்தியத்தின் தொடக்க விழாவுக்கு, நவம்பரில் வரும் சாதுஷ்னிட்சா, அதாவது இறந்தவர்களை நினைக்கும் சனிக்கிழமை, தேர்ந்தெடுக்கப்பட்டது. அன்று ஊரே கல்லறைத் தோட்டத்துக்கு வரும். சர்க்கரை தூவிய அவித்த கோதுமையைக் கிண்ணத்தில் கொண்டுவந்து, தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரு கரண்டி கொடுப்பார்கள். கல்லறை மேல் ஒயினை ஊற்றுவார்கள். அப்படிப்பட்ட நாளில் வாசலில் ஆளுயரத் திரை ஒன்று நின்றது. அதில் ஒரு வட்டம் சுற்றியது. வட்டத்துக்குக் கீழே, "நித்தியம் புதுப்பிக்கப்படுகிறது. 4 சதவீதம்" என்று எழுதியிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்தும் அது நாலு சதவீதமாகவே இருந்தது. கலோயன் திரைக்குப் பின்னால் மண்டியிட்டுக் கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் அவர் பிரார்த்தனை செய்வதாக நினைத்துச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு போனார்கள்.

சாங்கோ ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்தார். ஒரு மனிதனுக்கு அறுபத்து நாலு வயதில் இப்படி ஒரு காலைப்பொழுது கிடைப்பது அபூர்வம்.

அப்போது ஒரு அம்மாள் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அறுபதை ஒட்டிய வயது. கையில் ஆறு சாமந்திப் பூ, ஒரு ஒயின் பாட்டில், துணியால் மூடிய கிண்ணம். பெயர் எவ்தோகியா என்றார். தொண்ணூறாம் வருடம் கனடாவுக்குப் போனவர், அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திரும்பியிருந்தார்.

"வாசல்ல இருக்கிற திரை ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது ஐயா. எங்கப்பாவைத் தேடி வந்தேன். இடம் சுமாரா ஞாபகம் இருக்கு, ஆனா இங்க எல்லாமே மாறிப் போயிருக்கு."

"பேரு?"

"நிக்கிஃபோர் ஹஜிஸ்தோய்ச்செவ். எண்பத்தொம்பதுல இறந்தாரு."

சாங்கோ நாற்காலியைப் பின்னால் தள்ளி, ப்ராவெட்ஸுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். தட்டைச் செருகினார். இயந்திரம் கிழவனைப் போலத் தொண்டையைச் செருமியது. பச்சை எழுத்துகள் வந்தன: நிக் ஹஜிஸ்தோ 89. வரிசை 4, இடம் 17.

"மூணு விநாடி," என்றார் சாங்கோ. பிறகு ஜன்னலைத் திறந்து, வாசலை நோக்கி இன்னொரு தடவை, "மூணு விநாடி," என்றார்.

கலோயன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் மண்டியிட்டார்.

சாங்கோ அந்த அம்மாளைத் தாமே அழைத்துப் போனார். முப்பத்தேழு வருடத்தில் அவர் யாரையும் கல்லறைவரை கொண்டுபோய் விட்டதில்லை. வழியெல்லாம் நிரலின் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தார். எவ்தோகியா பொறுமையாகக் கேட்டார். நான்காவது வரிசையில் பதினேழாவது கல்லின் முன்னால் சாங்கோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

எவ்தோகியா கல்லைப் பார்த்தார். அதில் "நிகோலா ஹஜிஸ்தோயானோவ், 1921–1989" என்று வெட்டியிருந்தது. பக்கத்தில் பீங்கானில் பதித்த ஒரு புகைப்படம்.

"இது எங்கப்பா இல்ல," என்றார்.

"நல்லாப் பாருங்கம்மா. முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சுல்ல."

"இவருக்கு மீசை இருக்கு."

"சில பேர் கடைசிக் காலத்துல வச்சுக்குவாங்க."

"ஐயா, பேரே வேற."

சாங்கோ குனிந்து கல்லில் விரலை வைத்து எண்ணினார். "எட்டு எழுத்து வரைக்கும் சரியா இருக்கே," என்றார்.

அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தபோதுதான் அவருக்கு உறைத்தது. முன்னோர் ஜெருசலேம் யாத்திரை போய்வந்த குடும்பங்கள் "ஹஜி" பட்டத்தைப் பெயரோடு சேர்த்துக்கொள்வது வழக்கம். எங்கள் எழுத்தில் அந்தப் பட்டத்துக்கு மட்டும் ஐந்து எழுத்து. எட்டில் ஐந்து ஜெருசலேமுக்குப் போய்விட்டால், குடும்பத்துக்கு மிஞ்சுவது மூன்று. ஸ்தோயானோவும் ஸ்தோய்ச்செவும் அந்த மூன்றில் ஒன்றாகிவிடுவார்கள். நிகோலாவும் நிக்கிஃபோரும் "நிக்"கில் ஒன்றாகிவிடுவார்கள். இருவருடைய தகப்பன் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கினால், இருவரும் ஒரே வருடம் செத்தால், கணினியைப் பொறுத்தவரை செத்தது ஒரே ஆள்தான்.

"எங்கப்பா இடம் மதிலோரமா இருந்துச்சு," என்றார் எவ்தோகியா. "லிண்டன் மரத்தடியில. கல் வைக்க வசதியில்ல, மரச் சிலுவைதான் நட்டோம். அங்கேர்ந்து பார்த்தா நெசவாலை புகைபோக்கி தெரியும். அப்பா அங்கதான் வேலை பார்த்தாரு."

நெசவாலை இடிந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. புகைபோக்கி மட்டும் நின்றது. எவ்தோகியா அதைக் குறிவைத்து முன்னால் நடக்க, சாங்கோ பின்னால் போனார்.

மதிலோரம் லிண்டன் மரம் இருந்தது. அதன் அடியில் மரச் சிலுவை இல்லை. கறுப்புப் பளிங்கில் கட்டில் அளவுக்கு ஒரு கல்லறை இருந்தது. அதில் ஒரு காரின் படத்தை அச்சு அசலாகச் செதுக்கியிருந்தார்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்திய தாஃபின் என்பவருடையது. அவர் மனைவி ஸ்லாவ்கா பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கோதுமை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, ஆளுக்கொரு கரண்டி எடுத்துக்குங்க," என்றாள் ஸ்லாவ்கா. "என் வீட்டுக்காரர் மனசு குளிரட்டும். யாரைத் தேடுறீங்க?"

சாங்கோவுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. தொண்ணூறாம் வருடக் குளிர்காலத்தில் தட்டில் இடம் நெருக்கடியாக இருந்தது. ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருப்பதாக நினைத்து ஒரு பதிவை அழித்தார். அன்று சந்தோஷத்தில் ராய்னாவை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நாலு வருடம் கழித்து, தாஃபினுக்குக் குழி வெட்டப் போன கன்சோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "மதிலோரம் காலின்னு சீட்டுக் குடுத்திருக்கீங்க. அங்க ஒரு சிலுவை சாஞ்சு கிடக்குது சார்," என்றான். சாங்கோ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கம்ப்யூட்டர்ல காலின்னா காலி," என்று சொல்லி அனுப்பினார். எழுந்து வந்து பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அதையும் மிச்சம் பிடித்தார்.

இந்த நேரத்தில் கலோயன் டேப்லெட் கணினியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நித்தியம் விழித்துவிட்டது.

"அம்மா, வந்துடுச்சு. இப்பப் பாருங்க."

திரையில் மெழுகுவர்த்தி எரிந்தது. சுடர் சரியாகக் காற்றடித்த பக்கம் சாய்ந்தது. நவம்பர் குளிரில் ஒரு குயில் கூவியது. பிறகு தேன் குழைத்த பெண் குரல், "நிக்கோலெட்டா ஹஜிஸ்தோ அம்மையார் நான்காம் வரிசையில் உங்களுக்காக அமைதியுடன் காத்திருக்கிறார்," என்றது.

"நிக்கோலெட்டா யாரு?" என்றார் எவ்தோகியா.

கலோயன் முகம் சிவந்தது. "பழைய பதிவுல மூணு எழுத்துதான் இருந்துச்சும்மா. மிச்சத்தை நித்தியமே யூகிச்சு நிரப்பிக்கும். அதுக்குத்தான் அவ்வளவு நினைவகம்."

"ஆம்பளையா பொம்பளையான்னுமா யூகிக்கும்?"

"அதுவும் பழைய பதிவுல இல்லம்மா." கலோயன் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சிடுங்க. புது முறையிலதான் ஏதோ கோளாறு. அறுபத்து நாலு கிகாபைட் வாங்கிட்டா உங்கப்பா கிடைச்சிடுவாரு."

ஸ்லாவ்கா கரண்டியை ஆட்டினாள். "நான் அப்பவே சொன்னேன். இந்தப் புது இழவெல்லாம் எதுக்கு? நம்ம மினெவோட பழைய மெஷின் ஒரு நாளாவது தப்பு பண்ணியிருக்கா?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். யாரோ சாங்கோவின் தோளைத் தட்டினார்கள். அவர் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த பாராட்டு அது. வாயைத் திறக்காமல் நின்றால் போதும். பழி முழுவதையும் கலோயன் தானாகவே தூக்கிச் சுமந்துகொண்டு நின்றார். சிக்கனத்தில் இதைவிடச் சிக்கனம் கிடையாது.

சாங்கோ மறுபடியும் தொப்பியைக் கழற்றினார்.

"தம்பி, அதை அணைச்சிடுங்க," என்றார். "குயிலை மட்டுமாவது நிறுத்துங்க." பிறகு எவ்தோகியாவின் பக்கம் திரும்பினார். "உங்கப்பா இங்கதான் இருக்காரும்மா. இந்தக் கல்லுக்குக் கீழ, தாஃபினுக்கும் கீழ. நான்தான் அவரை அழிச்சேன். ரெண்டு பேரை ஒரு ஆள்னு நினைச்சேன். குழி வெட்டுறவன் சிலுவை இருக்குன்னு வந்து சொன்னான். நான் எந்திரிச்சு வந்து பார்க்கல."

கலோயன் டேப்லெட் கணினியைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டார்.

ஸ்லாவ்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப என் வீட்டுக்காரருக்குக் கீழ இன்னொரு ஆள் இருக்காரா?"

"இருக்காரு."

ஸ்லாவ்கா பளிங்கைத் தடவிப் பார்த்தாள். "தாஃபினுக்குத் தனியாப் படுத்தாத் தூக்கம் வராது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, மடக்கு நாற்காலியை நகர்த்தி எவ்தோகியாவுக்கு இடம் விட்டாள். "வாம்மா. உன் ஒயினையும் இங்கயே ஊத்து. இவருக்கு பீர்தான் பிடிக்கும், பரவால்ல, கீழ இறங்கிடும்."

எவ்தோகியா பாட்டிலைத் திறந்து ஊற்றினார். ஒயின் பளிங்கில் ஓடி, விளிம்பில் வழிந்து, மண்ணுக்குள் போனது. அவர் அழவில்லை. கிண்ணத்தின் துணியை எடுத்து ஸ்லாவ்காவுக்கு ஒரு கரண்டி கோதுமை கொடுத்தார். கலோயனுக்கும் கொடுத்தார். சாங்கோவின் முறை வந்ததும் கரண்டியை நீட்டியபடி நிறுத்தினார்.

"அப்பாவை எடுத்ததுல எவ்வளவு இடம் மிச்சமாச்சு ஐயா?"

"இருபது எழுத்து," என்றார் சாங்கோ. அந்த எண்ணை அவர் இதற்கு முன் எப்போதும் பெருமையாகத்தான் சொல்லியிருந்தார். அன்றைக்குத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த இடத்துல அப்புறம் யாரை வச்சீங்க?"

சாங்கோ யோசித்தார். பொய் சொல்ல அல்ல. அந்தக் கேள்வியை முப்பத்தைந்து வருடத்தில் அவர் தன்னையே ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை.

"யாரையும் வைக்கலம்மா. நடுவுல காலியான இடத்தை நிரப்பணும்னா அதுக்குத் தனியா நிரல் எழுதணும். அந்த நிரலுக்கு இடம் செலவாகும். அதனால விட்டுட்டேன். இன்னும் காலியாத்தான் இருக்கு."

எவ்தோகியா அவர் உள்ளங்கையில் கோதுமையைப் போட்டார். சாமந்திப் பூக்களைப் பளிங்குக் காரின் மேல் ஒவ்வொன்றாக அடுக்கினார்.

"காலியாத்தான் கிடந்துச்சுன்னா," என்றார், "அவரையே அங்க விட்டு வச்சிருக்கலாமே."